மே 9-ம் ஆறு என்ற எண்ணும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் பாறசாலை. மகளுக்கு 2026 மே 9 கல்யாணம், மாப்பிள்ளை வீடு மார்த்தாண்டம் பக்கம். சபையில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலை வாசித்தாயிற்று, மண்டபத்துக்கு அட்வான்சும் கொடுத்தாச்சு. இப்போது மாப்பிள்ளையின் அத்தை போகிற ஜெபக்கூட்டத்தில் ஒருவர், அந்தத் தேதியின் எண்களைக் கூட்டினால் 24, அதையும் கூட்டினால் 6, ஆறு குறையுள்ள எண், 666-ம் அதிலிருந்துதான் வருகிறது, தேதியை மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஜாதகம் பார்க்காத குடும்பம் எங்களுடையது. பைபிளில் எண்களுக்கு உண்மையிலேயே அர்த்தம் உண்டா?

எஸ்., பாறசாலை

அன்புள்ள எஸ்.,

தேதியை மாற்ற வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பைபிளில் எண்களுக்கு அர்த்தம் உண்டா என்றால், உண்டு. பல இடங்களில் அந்த நூலே எண்ணைப் பிடித்து நிறுத்திக் காட்டுகிறது. எரிகோ பட்டணத்தைச் சுற்றி வந்தபோது ஏழு ஆசாரியர், ஏழு எக்காளம், ஏழு நாள், ஏழாம் நாளில் ஏழு சுற்று. இதைப் படிக்கிற யாருக்கும் படைப்பின் ஏழு நாள் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது, வர வேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருக்கிறது. கானான் நாட்டை வேவு பார்த்த நாற்பது நாளுக்கு, நாளுக்கு ஒரு வருஷமாக நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைவீர்கள் என்று எண்ணாகமம் 14-ல் கணக்குச் சொல்லியே தண்டனை வருகிறது. சீனாய் மலையில் மோசே நாற்பது நாள், ஓரேபுக்கு நடந்த எலியா நாற்பது நாள், அப்புறம் இயேசுவின் நாற்பது நாள். மூன்றாவதை எழுதியவருக்கு முதல் இரண்டும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பன்னிரண்டு. இயேசுவின் பன்னிரண்டு சீடரில் யூதாஸ் போனதும் அந்த இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டு எடுக்கிறார்கள், ஏனென்றால் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரத்துக்கு பன்னிரண்டு பேர் நின்றாக வேண்டும். ஆனால் சில வருஷம் கழித்து ஏரோது ராஜா அந்தப் பன்னிரண்டில் ஒருவரான யாக்கோபை வாளால் கொன்றபோது அந்த இடத்துக்கு யாரையும் எடுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரி கிடையாது. அந்தச் சபை பன்னிரண்டை மதித்தது, ஆனால் அந்த எண் குறைந்துவிட்டதே என்று பயப்படவில்லை.

இனி யோவான் 21-ல் சீடர்களின் வலையில் அகப்பட்ட 153 மீனுக்கு வருகிறேன், கூட்டல் கணக்கு போடுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153. பதினேழு என்பது பத்துக் கட்டளையும் ஆவியின் ஏழு வரங்களும் சேர்ந்தது என்று பழைய சபைப் பிதா அகஸ்தீனே விளக்கம் சொல்லியிருக்கிறார். பெரிய மனிதர், அழகான விளக்கம், அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பவுல் போன கப்பல் உடைந்தபோது அதில் இருந்தவர்கள் 276 பேர் என்று நடபடிகள் 27 சொல்கிறது. ஒன்றிலிருந்து இருபத்துமூன்று வரை கூட்டிப் பாருங்கள், சரியாக 276 வரும். அதற்கு என்ன இரகசிய அர்த்தம்? கப்பலில் அத்தனை பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான் பொழியூர், ஒரு காலைநேரம் கரமடி வலை இழுக்கும்போது போய் நில்லுங்கள். சாளையும் நெத்திலியும் கூடைக்கணக்கில் போகும், பெரிய மீன் என்றால் ஒவ்வொன்றாக எண்ணித்தான் பங்கு வைப்பார்கள். யோவானும் "பெரிய மீன்கள்" என்றுதான் எழுதுகிறார். மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் அந்த விடியற்காலையில் எண்ணிய எண்ணிக்கை அது என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

666 வேறு விஷயம். அந்த மிருகத்தின் எண்ணைக் கணக்குப் பார்க்கச் சொல்லி வெளிப்படுத்தின விசேஷமே 13-ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ரோம ராயன் நீரோவின் பெயரை நேரோன் கேசர் என்று எழுதிக் கூட்டினால் 666, கடைசி எழுத்தை விட்டு நேரோ கேசர் என்று எழுதினால் ஐம்பது குறைந்து 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது, இரண்டாம் நூற்றாண்டில் பேராயர் இரேனேயு அதைக் குறிப்பிடுகிறார். துன்பப்படுத்திய ஒரு ராயனின் பெயரை வெளியே சொல்ல முடியாத சபை எண்ணில் வைத்துச் சொன்னது என்றுதான் ஆய்வாளர்களில் நிறைய பேர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். மே 9-க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஆறு குறையுள்ள எண் என்று அந்த மனிதர் எதை வைத்துச் சொன்னாரோ தெரியவில்லை, ஆதியாகமம் முதல் அதிகாரத்தை வைத்துச் சொல்லியிருக்க முடியாது. ஆணையும் பெண்ணையும் படைத்தது ஆறாம் நாள். அதுவரை "நல்லது" என்று வருவது அன்றைக்குத்தான் "மிகவும் நன்றாயிருந்தது" என்று வருகிறது. கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமானது எத்தனை கற்சாடியில்? ஆறு! கல்யாணத்துக்கு ஆறு ஆகாது என்று சொல்கிறவர் இந்த இரண்டு இடத்தையும் திறந்தே பார்க்கவில்லை.

இன்னொன்று. 2026 என்று கூட்டுகிறாரே, அந்த ஆண்டுக்கணக்கைத் தொடங்கி வைத்தவர் ஆறாம் நூற்றாண்டுத் துறவி தியோனீசியு, இப்போதைய காலண்டர் 1582-இல் வந்தது. பைபிளை எழுதிய எவருக்கும் 2026 என்கிற ஆண்டுக்கணக்கே தெரியாது. நம்முடைய பழைய திருவிதாங்கூர் வழக்கப்படி பார்த்தால் அன்றைக்குக் கொல்லம் ஆண்டு 1201, மேட மாதம். அதைக் கூட்டினால் ஆறு வராது. காலண்டரை மாற்றினால் ஓடிப்போகிற குறை என்ன குறை? இது பெயர் ராசி எண் பார்க்கிற வேலைதான், வசனத்தை மேலே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஜாதகம் வேண்டாம் என்று தலைமுறையாக இருந்த வீட்டுக்குள் ஜெபத்தின் பெயரால் அது நுழைவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பயம் முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் அல்லவா வந்து விழும்? நாளைக்கு வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே சொன்னோமே என்பார்கள்.

அத்தையிடம் கோபப்பட வேண்டாம், அந்த அம்மாவும் பயந்துதான் சொல்லியிருப்பார்கள். இரண்டாம் ஓலை வாசிக்கும் முன்னால் உங்கள் சபைப் போதகரையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போங்கள். ஆதியாகமம் 1:31-ஐயும் யோவான் 2:6-ஐயும் அந்த அத்தையையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவளும் கேட்க வேண்டும்.