நாலு பக்கம் அளந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அளவியல் பாடத்தில், மூன்று பக்க நீளத்தை வைத்தே முக்கோணத்தின் பரப்பைக் கண்டுபிடிக்கும் ஹெரான் சூத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். "இதெல்லாம் எங்கப்பா வரப்போகுது? நீங்க எப்பவாவது போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சதவீதத்துக்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. அதையும் இப்போது கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சதவீதத்தைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். எதன் மேல் சதவீதம் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். 80 ரூபாய்க்கு வாங்கி 100க்கு விற்கிற மருந்தில், எதிர்க்கடைக்குப் போட்டியாக 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் போவது லாபத்தில் பாதி. சரி, இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஹெரானுக்கு வருவோம்.

மனை வாங்கப் போகிறீர்கள். தரகர் டேப் பிடித்து நாலு பக்கமும் அளக்கிறார்: 40 அடி, 60 அடி, மறுபடி 40, 60. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கி, "2400 சதுர அடி, ஒரு கிரவுண்ட்" என்கிறார். யாருக்கும் சந்தேகம் வராது. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கோயில் நிலங்களுக்குப் பரப்பு எழுதி வைத்ததும் இதே கணக்கில்தான். தரகருக்கு நல்ல பாரம்பரியம் இருக்கிறது!

ஆனால் நாலு பக்க நீளம் மட்டும் தெரிந்தால் வடிவம் தெரிந்துவிடாது. ஆட்டம் கண்ட கட்டில் சட்டத்தைச் சாய்த்துப் பாருங்கள்: கட்டைகளின் நீளம் மாறாது, உள்ளே இருக்கும் இடம் குறையும். அதனால் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கும் டேப்பைப் பிடிக்க வேண்டும். மூலைகள் நேராக இருந்தால் அது ஏறக்குறைய 72 அடி வரும். 60 அடிதான் வந்தது என்று வையுங்கள். இப்போது மனை இரண்டு முக்கோணம். ஒவ்வொன்றின் பக்கங்களும் 40, 60, 60. இங்கேதான் ஹெரான் வருகிறார். சுற்றளவில் பாதி 80. அதிலிருந்து பக்கங்களைக் கழித்தால் 40, 20, 20. அந்த 80ஐயும் சேர்த்து நான்கையும் பெருக்கினால் 12,80,000. வர்க்கமூலம் சுமார் 1131. இரண்டு முக்கோணத்துக்கும் சேர்த்து 2263 சதுர அடி.

137 சதுர அடி காணோம். சதுர அடி 2000 ரூபாய் என்றால் 2,74,000 ரூபாய். தரகர் ஏமாற்றினார் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தச் சராசரிக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. செவ்வகமாக இருந்தால் சரியாக வரும். மற்ற நாற்கர மனைகளுக்கெல்லாம், மூலை எதுவும் உள்வாங்கியிருக்காதவரை, கூடுதலாகத்தான் காட்டும். ஒரு தடவைகூடக் குறைத்துக் காட்டாது. விற்பவருக்கு இதைவிட வசதியான சூத்திரம் கிடைக்காது.

சர்வே துறையின் புல வரைபடத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, எடுத்துப் பார்த்தால் வயலுக்குள் குறுக்குக் கோடுகள் ஓடும், எல்லாவற்றிலும் நீளம் எழுதியிருக்கும். வேலை இதேதான்: கோணலான நிலத்தை முக்கோணங்களாக உடைப்பது. இணையத்திலேயே எடுத்துவிடலாம். மகளிடம் ஒன்றைக் கொடுத்து, பரப்பைப் போட்டு பட்டாவில் உள்ளதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எஃப்.எம்.பி.யில் மீட்டர் கணக்கு, பட்டாவில் ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்), மாற்றும்போது கவனம்.

அப்புறம், நீங்களே மனை ஏதாவது பார்த்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் குறுக்களவையும் எடுத்துவிடுங்கள்.