கல்வெட்டு இல்லாத ஊர்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். நூற்றைம்பது வீடு, ஒரு ஏரி. ஊர் வரலாற்றை எழுத ஆசை. ஆனால் கோயிலில் கல்வெட்டு இல்லை. பெரியவர்களைக் கேட்டால் 'பாண்டவர் தங்கிய ஊர்' என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பாண்டவர்களை வழியனுப்பி வையுங்கள். அவர்கள் தங்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

உங்கள் மாவட்டத்திலேயே இருவேல்பட்டு இருக்கிறது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று ஊர் ஊராக எழுதிவரச் சொன்னார். அதில் இதுவும் ஒன்று. முப்பதுகளில் மறுபடி போனார்கள், அப்புறம் 2008 வரை பலமுறை. ராஜா கதை எதுவும் இல்லாமலே, படியாள் முறை (ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வது) இருந்து மறைந்தது வரை அந்த ஊரில் பதிவாகிவிட்டது.

நீங்களும் வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேட்டை, அதாவது எந்த நிலம் யார் பெயரில் என்று சொல்லும் ஊர் நிலப் பதிவேட்டை, பாருங்கள். 1980இல் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், வரி வசூலித்த மணியக்காரர் பதவிகளை ஒழித்தார்களே, அந்தக் குடும்பங்களின் பரணில் பழைய கணக்குக் கட்டு ஏதாவது கரையானுக்குத் தப்பியிருக்கலாம். ஆனால் அதெல்லாம் பட்டா உள்ளவர்களின் கதை.

போன வருஷம் எங்கள் ஊரில் நடவுக்குப் போன ஒரு பாட்டியோடு வரப்பில் நடந்தேன். 'இது தச்சன் மானியம், அது நீர்க்கட்டி கழனி' என்று கை நீட்டிக்கொண்டே போனார். பட்டாதாரர் சென்னையில், தச்சர் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. ஆனால் ஏர் செய்து கொடுத்தவருக்கு ஊர் நிலம் விட்டிருந்ததும், ஏரித் தண்ணீரைப் பங்கு பிரித்துப் பாய்ச்சிய நீர்க்கட்டிக்குக் களத்திலேயே நெல் அளந்ததும் அந்தப் பெயர்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அந்த நீர்க்கட்டி பாட்டியின் மாமனார். அவர் சாகும்வரை அவர்களுக்கு ஒரு சென்ட் பட்டா கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை (நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்).

அதனால் காலனிப் பக்கமிருந்து தொடங்குங்கள். அப்புறம், ஏரி வற்றியதும் உள்ளே இறங்கி மடைக்கல்லைத் தடவிப் பாருங்கள். புதுக்கோட்டைப் பக்கம் குமிழித் தூம்பில்கூட (ஏரிக்குள் கல்தூண்களோடு நிற்கும் பழைய மடை) எழுத்து வெட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் கோயிலோடு நிறுத்திவிட்டீர்களோ என்று ஒரு சந்தேகம்.