வலி போய்விட்டது, ஆன்ட்டி-சிசிபி மட்டும் ஏன் குறையவில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) எட்டு மாதங்களாக வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன். காலையில் விரல்களை மடக்கவிடாத விறைப்பு போய்விட்டது. உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் இயல்பாக இருக்கின்றன. ஆன்ட்டி-சிசிபி என்ற எதிர்ப்பொருள் (ஆன்ட்டிபாடி) மட்டும் பழையபடியே அதிகம். மருந்து பலிக்கவில்லையா? அல்லது குணமாகிவிட்டதென்று நிறுத்திவிடலாமா?

பதில்: மருந்து நன்றாகவே பலித்திருக்கிறது. நிறுத்த வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான்.

மூட்டின் உள்சவ்வு இயல்பில் இரண்டு மூன்று செல் அடுக்குக் கனமே இருக்கும். முடக்குவாதத்தில் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களும் பி செல்களும் மேக்ரோஃபேஜ்களும் அங்கே குடியேறுகின்றன. சவ்வு தடித்து, பக்கத்து எலும்பை அரிக்கத் தொடங்குகிறது. அங்கே சுரக்கும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள்தான் வீக்கத்துக்கும் விறைப்புக்கும் காரணம். இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டும்போது சிஆர்பி ஏறும். உங்களுக்கு அது இறங்கியிருக்கிறது என்றால் அந்தச் செல்களின் ஆவேசம் தணிந்திருக்கிறது என்று பொருள்.

ஆன்ட்டி-சிசிபி வேறு கதை. பி செல்கள் முதிர்ந்து பிளாஸ்மா செல்களாகி, இந்த எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன. பலருக்கு மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது ரத்தத்தில் தென்பட்டுவிடுகிறது. பிளாஸ்மா செல்களில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும். பி செல்களைத் துடைத்தெடுக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசிகூட இவற்றை நேரடியாகத் தொடுவதில்லை. அந்த ஊசி தேடிப் பிடிக்கும் சிடி20 என்ற புரதம் பிளாஸ்மா செல்லின் மேல் இருப்பதில்லை. நோயைக் கண்டறிய உதவும் பரிசோதனை இது. சிகிச்சையின் பலனை அளக்க இதைத் திரும்பத் திரும்ப எடுப்பது, என் கருத்தில், வீண்.

ஆன்ட்டி-சிசிபி உள்ளவர்கள் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். நோய் ஆறு மாதங்களுக்கு மேல் முழுமையாக அடங்கியிருந்தால், அளவைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசலாம். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும்வரை, அதன் பக்கவிளைவுகளைக் குறைக்கும் ஃபோலிக் அமிலத்தை விடாதீர்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். வாரம் ஒருமுறைக்கான மாத்திரையைத் தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உயிருக்கே ஆபத்து. கிழமையை உறையின் மேல் எழுதி வையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், புதிதாக வறட்டு இருமல், மூச்சுத்திணறல் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடுமுன் மருத்துவரைப் பாருங்கள்.