பிரான்சில் பிறந்த பையன், பூர்வீகம் காரைக்கால், கும்பகோணம். இந்தியக் கால்பந்து அணிக்கு ஃபார்வர்டாக ஆட முடியுமா?

கேள்வியின் சுருக்கம்: பெரியப்பா மகன் குடும்பம் பாரிஸ் பக்கம் இருக்கிறது. பையனின் தாத்தா காரைக்கால் நிரவியில் பிறந்த சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்), பிரெஞ்சுக் குடியுரிமையை விடாதவர். அம்மா கும்பகோணத்துப் பெண், கல்யாணத்துக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் ஆனவர். பையனுக்கு 17 வயது, அங்கே ஒரு கிளப்பின் யூத் அணியில் ஃபார்வர்ட். இந்தியாவுக்கு ஆட பிரெஞ்சு பாஸ்போர்ட்டை இப்போதே விட்டுவிடலாமா?

முடியும். ஆனால் பாஸ்போர்ட்டை இப்போது தொடவே தொடாதீர்கள்.

முதலில் இந்திய அரசின் விதி. 2008 டிசம்பரிலிருந்து இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் மட்டும்தான் நாட்டுக்கு ஆடலாம். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தருவது) இதற்குப் போதாது. நியூகாசிலில் பிறந்த ஃபார்வர்ட் மைக்கேல் சோப்ரா இந்தியாவுக்கு ஆட விரும்பியும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட வேண்டியிருந்ததால் அது நடக்கவில்லை. 2014ல் கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்புக்கு வெளிநாட்டு வீரராகத்தான் வந்தார்.

காரைக்கால் குடும்பம் என்றதும் எல்லோரும் தாத்தாவின் காகிதத்தைத் தேடி ஓடுகிறார்கள். காரைக்காலையும் புதுச்சேரியையும் பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்தவர் அவர். ஆகவே இந்தியக் குடியுரிமைக்கு அவர் வழி சுற்று வழி: பையன் ஓசிஐ எடுத்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அம்மா வழி குறுக்கு வழி. 1955 குடியுரிமைச் சட்டம் 5(1)(எஃப்) பிரிவின்படி, பெற்றோரில் ஒருவர் முன்பு சுதந்திர இந்தியாவின் குடிமகனாக இருந்திருந்தால், 18 நிறைந்தவர் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்தாலே விண்ணப்பிக்கலாம். அந்த 12 மாதத்தில் அரசு தரக்கூடிய தளர்வு அதிகபட்சம் 30 நாள். ஃபார்வர்டுக்கு இது சின்ன விஷயமில்லை. ஐரோப்பிய கிளப்பில் இருந்துகொண்டே ஒரு வருடத்தை இங்கே கழிக்க முடியாது. இந்திய கிளப்பில் ஒப்பந்தம் கிடைக்கும் வருடம்தான் இதற்குத் தோதான வருடம்.

ஒன்றை மட்டும் உடனே விசாரியுங்கள். பையன் பிறந்தபோது அம்மா இன்னும் இந்தியக் குடிமகளாக இருந்து, ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தார்களா? பதிந்திருந்தால் அவன் வம்சாவளியில் ஏற்கெனவே இந்தியக் குடிமகனாக இருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் 18 நிறைந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பெரும்பாலான குடும்பங்களில் பதிந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

விடுவதிலும் வரிசை முக்கியம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதும் பிரெஞ்சுக் குடியுரிமை தானாகப் போகாது; துறப்பதாக எழுதிக்கொடுக்க வேண்டும். இந்தியா விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும் முன்பே அங்கே துறக்க அவசரப்படாதீர்கள்.

அடுத்து உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா. புதிதாகக் குடியுரிமை பெற்றவர் அந்த நாட்டுக்கு ஆட, தானோ, அம்மா அப்பாவில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ அந்த மண்ணில் பிறந்திருந்தால் போதும். இல்லையென்றால் பல வருட வசிப்பிடக் கணக்கு. இங்கே பிறப்புச் சான்றிதழ்தான் உயிர். 2025ல் மலேசியாவுக்கு ஆடிய ஏழு வீரர்களின் தாத்தா பாட்டிகள் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய சான்றிதழ்களை ஃபிஃபா அசல் பதிவுகளோடு ஒப்பிட்டது. அசலில் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்று இருந்தது. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை விதித்தது.

உங்கள் வீட்டுக் காகிதம் உண்மையானது, ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்கலாம். பழைய பதிவுகளில் தாய் தகப்பன் பெயரும் ‘பெண் குழந்தை’ என்பதும் மட்டும் இருக்கும், குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அம்மாவின் பதிவு அப்படி இருந்தால், கும்பகோணம் மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவில் பெயர் சேர்க்க மனு கொடுங்கள். தாத்தாவின் காகிதம் தேவைப்பட்டால் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். முருகையன் என்பதை நாம் எம்-யு என்று தொடங்குவோம். பிரெஞ்சுப் பதிவில் எம்-ஓ-யு என்று இருக்கும். இங்கே இனிஷியலாக நிற்கும் அப்பா பெயர் அங்கே குடும்பப் பெயராக மாறியிருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று காட்டும் காகிதத்தை நிதானமாக இப்போதே தயார் செய்யலாம். அணித் தேர்வு வந்த வாரத்தில் முடியாது.

இனி, ஒரு நாட்டுக்கு ஆடியவர் வேறு நாட்டுக்கு மாறும் கதவு எப்போது பூட்டும்? நட்பு ஆட்டம் யாரையும் கட்டாது. பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2019ல் ஆஸ்திரேலியாவுக்கு ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடினார். 2025ல் அந்தக் குடியுரிமையை விட்டு இந்தியர் ஆனார். பிரான்சின் யூத் அணியில் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆடினாலும் பயமில்லை, கடைசி ஆட்டம் 21 வயதுக்கு முன்பாக இருக்க வேண்டும். சீனியர் அணிதான் ஆபத்து. 21 வயதுக்கு முன் மூன்று ஆட்டம் வரை ஆடியவர், மூன்று வருடம் கழித்து மாறலாம் என்ற 2020 சலுகை பலருக்குத் தெரியும். அதில் ஒரு நிபந்தனை உண்டு: முதல் அதிகாரப்பூர்வ ஆட்டத்தின்போதே மாறப்போகும் நாட்டின் குடியுரிமையும் கையில் இருந்திருக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு ஆடியவருக்கு இந்தச் சலுகை பயன்படாது. இந்தியாவுக்கு ஆடிய பிறகு பிரான்ஸுக்குத் திரும்ப நினைத்தாலும் இதே கதைதான்.

பாஸ்போர்ட்டின் விலையையும் கணக்குப் போடுங்கள். பிரான்சின் முதல்நிலை லீகான லீக் 1 கிளப்பில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 4 இடம். பல ஆப்பிரிக்க நாட்டவருக்கு ஒப்பந்தப்படி விலக்கு உண்டு, இந்தியருக்குக் கிடையாது. 19 வயதில் கோல் கணக்கு இல்லாத ஃபார்வர்டுக்கு அந்த நான்கில் ஒன்றை எந்த கிளப்பும் ஒதுக்காது. ஜப்பானிய அம்மாவுக்குப் பிறந்த இசுமி அராட்டா 2013ல் இந்தியாவுக்கு முதன்முதலாக ஆடியபோது வயது 30. வில்லியம்ஸ் இந்தியர் ஆனபோது 32. என் கருத்தில் அவ்வளவு தாமதம் வேண்டாம். 95 கோல் அடித்த சுனில் சேத்ரி ஓய்வு பெற்ற பிறகு 40 வயதில் திரும்ப வர வேண்டியிருந்தது என்றால், இங்கே ஃபார்வர்டுக்கு எவ்வளவு பஞ்சம் என்று புரியும். 24, 25 வயது வரை அங்கே முதல் அணியில் இடம் பிடிக்கப் பார்க்கட்டும். பிடித்தால் அதன் பிறகு யோசிக்கலாம். இரண்டாம் அணியோடு நின்றால் அப்போது இந்திய கிளப்பும் அந்த 12 மாதமும்.

இந்தக் கோடையில் காரைக்காலுக்கு வரும்போது இங்குள்ள கிளப்பில் பதிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 18 நிறையாத வீரரை நாடு விட்டு நாடு மாற்ற ஃபிஃபாவில் தடை. விலக்குகள் மிகச் சில. இப்போது செய்யக்கூடியவை: அம்மாவின் சான்றிதழ், பையனுக்கு ஓசிஐ (ஒரு வருடம் இங்கே தங்க விசா தொல்லை இருக்காது), அவன் எந்த நாட்டுச் சட்டை போட்டு ஆடினாலும் தேதி, போட்டியின் பெயர், அதிகாரப்பூர்வமா நட்பு ஆட்டமா என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது.