உன்ற சத்தம் எது சாமி?

அண்ணா, வணக்கமுங்க. கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருசம் படிக்கிறனுங்க. காலேஜ் பேண்டுல பேஸ் கிடார் வாசிக்கிறேன். போன மாசம் எங்கப்பா கோபியிலிருந்து கல்ச்சுரல்ஸ் பாக்க வந்தாருங்க. முடிஞ்சதும், “எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, உன்ற சத்தம் எது சாமி?”ன்னு கேட்டுப்போட்டாரு. அன்னைலிருந்து மனசே செரியில்லீங்க. லீட் கிடாருக்கு மாறிரட்டுங்களா? பேஸ் வாசிச்சுப் பேரெடுத்தவங்க இருக்காங்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

அப்பா கேட்டதில் தப்பே இல்லை. கோபி–ஈரோடு பஸ்ஸில் ராஜா பாட்டு ஓடும்போது கடைசி சீட்டில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் தகரம் அதிரும் பாருங்கள், அதுதான் உங்கள் சத்தம். பேஸின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை ஆடுகிறது. மொபைல் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்குவதே இல்லை.

பேரெடுத்தவர் என்றால் எனக்கு முதலில் கிம் டீல் என்ற அமெரிக்கப் பெண்தான். 1986இல் பாஸ்டனில் பிக்ஸீஸ் என்ற ராக் குழுவினர் பேஸ் வாசிக்க ஆள் தேடி விளம்பரம் கொடுத்தார்கள். ஹஸ்கர் டூ குழுவும் பிடிக்க வேண்டும், ‘பீட்டர், பால் அண்ட் மேரி’ குழுவும் பிடிக்க வேண்டும் என்று நிபந்தனை. முன்னது காதைக் கிழிக்கும், பின்னது தாலாட்டும். வந்தது ஒரே ஆள். அவரும் அதுவரை பேஸ் வாசித்ததில்லை. கூடப்பிறந்த இரட்டை கெல்லியிடம் இரவல் வாங்கித்தான் ஆரம்பித்தார். முதல் ஆல்பங்களில் தன் பேரை, கணவர் பேரை வைத்து ‘மிஸஸ் ஜான் மர்ஃபி’ என்று கிண்டலாகப் போட்டுக்கொண்டார், நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் பெண்களுக்கு அச்சடிக்கிற மாதிரி. 1988இல் வந்த ‘ஜைஜான்டிக்’ பாட்டைக் கேளுங்கள். அவர் பேஸில்தான் தொடங்கும், பாடுவதும் அவரே.

ஆனால் அவரும் மாறினார், தம்பி. பிரீடர்ஸ் என்று தனிக்குழு கண்டபோது கிடாரை எடுத்துக்கொண்டு, பேஸை ஜோசஃபின் விக்ஸிடம் கொடுத்தார். 1993இல் அந்தக் குழுவைத் தூக்கி நிறுத்திய ‘கேனன்பால்’ பாட்டுக்கு வாசல் திறப்பது எது? விக்ஸின் பேஸ். அதிலும் முதலில் ஒரு ஸ்வரம் தப்பாக விழும், மற்றவர்கள் சேரும்போது சரியாகிவிடும். தெரியாமல் விழுந்த தப்பு. பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். 2004இல் பிக்ஸீஸ் மறுபடி கூடியபோது கிம் திரும்பவும் பேஸுக்கே வந்து 2013 வரை வாசித்தார். தன் பேரில் முதல் ஆல்பம் போட்டது 2024இல், அறுபது தாண்டி.

அதனால் மாறுவது குற்றமில்லை. கைதட்டுக்காக மாறாதீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் நோம்பியில் ஒருமுறை நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் சுருதிப்பெட்டி நின்றுவிட்டது. வாசிப்பு நிற்கவில்லை. ஆனாலும் வெத்தலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து, “என்னாச்சு?” என்றார். அதுவரை அந்தப் பெட்டியை அவர் கேட்டதாகவே தெரியாது.

அடுத்த தடவை அப்பா வரும்போது ஏதாவது ஒரு பாட்டின்போது, பேண்டுக்காரர்களிடம் சொல்லிவைத்துக்கொண்டு, பல்லவி ரெண்டு வரிக்குக் கையை எடுத்துவிடுங்கள். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.