கிலோவில் நிறை சொல்பவர்களுக்கு

எளிய ஊசலில் ஜீ (புவியீர்ப்பால் விழும் பொருளின் ஆர்முடுகல், 9.8 அளவில் வரவேண்டியது) 10.9 வந்தது. எங்கே பிழை, சேர்? (கல்லடி மாணவன்)

ஊசலின் நீளமும் எழுதவில்லை, எத்தனை அலைவு என்றும் எழுதவில்லை. இப்படிக் கடிதம் போட்டால் நான் சாத்திரமா பார்ப்பது? நல்லவேளை, 10.9 என்ற எண்ணே உங்களைக் காட்டிக்கொடுக்கிறது. நிறுத்தற்கடிகாரத்தை அமுக்கும்போதே ‘ஒன்று’ என்று எண்ணியிருப்பீர்கள். ஒரு மீற்றர் ஊசலுக்கு 20 அலைவு ஏறத்தாழ 40 செக்கன். நீங்கள் 19 அலைவில், 38 செக்கனில் நிறுத்திவிட்டீர்கள். காலத்தை வர்க்கிப்பதால் பிழை இரட்டிக்கும். அமுக்கும்போது ‘பூச்சியம்’. நீளம் குண்டின் நடுவரை.

லண்டனில் 65 கிலோ காட்டிய மச்சானுக்கு, அதே தராசு இங்கே 64.8 காட்டுகிறது. இளைத்துவிட்டாரா? (அக்கரைப்பற்று)

இல்லை. அங்கே ஜீ 9.81, மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கும் நமக்கு 9.78. பூமி சுழல்வதும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதும் காரணம். வில்லுத் தராசு அளப்பது விசையை. இரு தட்டுத் தராசு என்றால் இந்த வித்தியாசமே தெரியாது. ஆனால் சந்தையில் ஒரு கிலோ பாரைமீனில் நூறு கிராம் குறைந்தால் புவியீர்ப்பின் தலையில் கட்டாதீர்கள். அதன் பங்கு மூன்று கிராம்தான்.

‘நிறை 50 கிலோகிராம்’ என்று எழுதிய மகளுக்குப் புள்ளி வெட்டிவிட்டார்கள். யூரியூப்பில் அப்படித்தானே சொல்கிறார்கள்? (களுவாஞ்சிகுடித் தாய்)

அம்மா, வெட்டியது சரி. பொருளில் உள்ள சடத்தின் அளவு திணிவு, அதைப் பூமி இழுக்கும் விசை நிறை. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘நிறை’ என்பது நம் திணிவு. நம் நிறைக்கு அவர்கள் ‘எடை’ என்பார்கள், வேகம் கூடும் வீதமான ஆர்முடுகலுக்கு ‘முடுக்கம்’. அவர்கள் பரீட்சைக்கு அது சரி. நம் பிள்ளைகள் இரண்டையும் கலக்கும்போதுதான் வினை. போன தவணை ஒரு விடைத்தாள் திருத்தினேன். 50 கிலோகிராம் ஆளை லிப்றின் தளம் 600 நியூற்றனால் தள்ளுகிறது, ஆர்முடுகல் என்ன? ஜீயை 10 என்று கொண்டால் நிறை 500, மிச்சம் 100, விடை 2. பிள்ளை 600இல் 50ஐக் கழித்து, 11 என்று முடித்திருந்தது. லிப்ற் ரொக்கெற் ஆகிவிட்டது! அரிசிப் பையில் ‘தேறிய நிறை 5 கிலோ’ என்றிருப்பது கடைப்பேச்சு, அதைக் கொப்பிக்குள் கொண்டுவராதீர்கள். திணிவு கிலோகிராமில், நிறை நியூற்றனில். அலகை எழுதுங்கள்.

நுவரெலியாவில் நிறை குறையுமா?

உயரத்தால் குறையும். 60 கிலோ ஆளுக்கு வில்லுத் தராசு 35 கிராம் அளவில் குறைத்துக் காட்டும். ஒரு கோழிமுட்டைகூட இல்லை.

சந்திரனில் 60 கிலோ ஆளின் நிறை?

97 நியூற்றன். திணிவு அதே 60. அலகு!

ஜீ 10ஆ, 9.8ஆ?

வினாத்தாளில் தந்ததை எடுங்கள். வாசிக்காமல் கேட்கிறீர்கள்.

20 மீற்றர் தென்னையிலிருந்து தேங்காய் விழுந்தால் என்ன வேகம்? பெரிய காய் முந்துமா? (திருக்கோவில்)

இரண்டு செக்கனில் நிலத்தில், மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில். பெரியதும் சின்னதும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். மரத்தடியில் நின்று சரிபார்க்க வேண்டாம்.