புரொஜெக்டருடன் சவுண்ட்பாரை எப்படி இணைப்பது?
புதுச்சேரி வீட்டில் புரொஜெக்டர் ஹாலின் பின்சுவரில், சவுண்ட்பார் திரைக்குக் கீழே, எப்படி இணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சத்தத்தை முதலில் புரொஜெக்டருக்குக் கொண்டுபோய்த் திருப்பி இழுத்து வர வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

சவுண்ட்பாரின் பின்பக்கம் பாருங்கள். 'எச்டிஎம்ஐ இன்', 'எச்டிஎம்ஐ அவுட்' இரண்டும் இருந்தால் வேலை சுலபம்: ஃபயர் ஸ்டிக்கையோ செட்டாப் பாக்ஸையோ இன்னில் செருகி, அவுட்டிலிருந்து ஒரே ஒரு கேபிளைப் புரொஜெக்டருக்கு ஓட்டிவிடுங்கள், சத்தத்தை சவுண்ட்பார் எடுத்துக்கொள்ளும், படம் மட்டும் மேலே போகும். 4கே படம் என்றால் சவுண்ட்பாரும் அதைக் கடத்தக்கூடியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே துளைதான், அதில் 'ஏஆர்சி' (சத்தத்தை அதே கேபிளில் புரொஜெக்டரிலிருந்து சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) என்று இருக்கிறதா? அப்போது புரொஜெக்டரிலும் அதே எழுத்து உள்ள துளையில்தான் செருக வேண்டும், செட்டிங்கில் சிஇசி-யையும் (எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி) ஆன் செய்யுங்கள். பழைய புரொஜெக்டர்கள் பலவற்றில் ஏஆர்சி கிடையாது. சரி, அப்படியானால் எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னப் பெட்டியை ஃபயர் ஸ்டிக்குக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் வைத்து, ஆப்டிக்கல் கேபிளில் சத்தத்தை சவுண்ட்பாருக்குப் பிரித்தெடுக்கலாம்.

புளூடூத் பாட்டுக்குப் போதும். படத்தில் உதடு அசைந்த பிறகுதான் வசனம் வரும், எனக்கு அது தாங்காது.

அப்புறம், கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றில் கேபிள் முனையின் உலோகப் பின்கள் பச்சை பூத்துவிடும். கடலூரில் எங்கள் வீட்டில் திரை விட்டுவிட்டுக் கறுத்ததற்கு அதுதான் காரணம்.